வாடகைக் காற்று

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு முன்பணம்; பிறகு வாசல் எந்தத் திசை; பிறகு பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம். எல்லாம் பேசி முடித்துப் படியிறங்கும்போதுதான் யாராவது ஒருவருக்கு, பெரும்பாலும் வீட்டு அம்மாளுக்கு, "காற்று வருமா?" என்று கேட்கத் தோன்றும். "காற்றா? ஜன்னலைத் திறந்தால் சுவரில் காலண்டர் நிற்காது!" என்பார் வீட்டுக்காரர். அந்த வீட்டில் அவர் குடியிருக்கப் போவதில்லை. ஆகையால் தாராளமாகச் சொல்லலாம்.

காற்று ஆண்டவன் கொடுத்தது, அதற்கு யாரும் விலை வைக்க முடியாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நியூயார்க் நகரத்துப் பழைய வாடகை வீடுகளின் சரித்திரத்தைப் படித்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. கோடையில் ஓர் அறைக்குள் காற்று எந்த வழியாக வர வேண்டும், குளிர்காலத்தில் சூடு எந்த வழியாக வர வேண்டும், செலவு யாருடையது, திருகு யார் கையில் இருப்பது என்பதைப் பற்றி அந்த நகரத்தில் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக வழக்கு நடந்துவருகிறது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு வீட்டின் வரைபடம் ஜாதகம் மாதிரி. எந்த அறையில் ஜன்னல் இல்லை என்று தெரிந்துவிட்டால், எந்த அறையில் சண்டை வரும் என்று சொல்லிவிடலாம். அந்த ஆசையில்தான் நான் அந்த வரைபடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மான்ஹாட்டனில் ஒரு மனை என்றால் 25 அடி அகலம், 100 அடி நீளம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கட்டினால் போதுமான இடந்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஐரோப்பிய ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம், ஜெர்மனியில் கலகம், பிற்பாடு ருஷ்யாவில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமை. வந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். மனைக்காரர்கள் யோசித்தார்கள். அதே மனையில், பத்தில் ஒன்பது பங்கு நிலத்தை அடைத்து, ஐந்து மாடி ஆறு மாடி என்று எழுப்பினார்கள். அறைகள் ரெயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஊர்க்காரர்களும் அதற்கு 'ரெயில்பாதை வீடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முன்கோடி அறைக்குத் தெரு ஜன்னல் உண்டு. பின்கோடி அறைக்குக் கொல்லை ஜன்னல் உண்டு. நடுவே இருக்கும் அறைகளுக்கு? பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, ஜன்னலை எங்கே வைப்பது? அவற்றுக்கு இருட்டுத்தான்.

நம் ஊர் ஒண்டிக்குடித்தனத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்டுப் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரு வீட்டை ஏழு குடித்தனமாகப் பிரித்தபோது நமக்கும் இருட்டு உள் கிடைத்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் வீடுகள் முதலில் சொந்தக்காரர் வாழ்வதற்காகக் கட்டியவை. அதனால் நடுவில் ஒரு முற்றம் இருந்தது. பிரித்துப் பிரித்து வாடகைக்கு விட்டபோதும், அந்த முற்றத்துக்கு மேலிருந்த வானத்தை யாரும் பிரித்து விட முடியவில்லை. நியூயார்க் வீடுகளோ முதல் செங்கல்லிலிருந்தே பிறத்தியாருக்காகக் கட்டியவை.

ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1863-இல் லூகாஸ் கிளாக்னர் என்ற ஜெர்மானியத் தையற்காரர் கட்டியது. மாடிக்கு நான்கு குடித்தனம். குடித்தனத்துக்கு மூன்று அறைகள். மூன்றும் சேர்ந்து சுமார் 325 சதுர அடி. இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் வெளி ஜன்னல். சமையலறையும் படுக்கையறையும் அந்த ஒரு ஜன்னலிலிருந்து கடன் வாங்கித்தான் மூச்சு விட வேண்டும். அந்த ஒரே கட்டடத்தில் 1863 முதல் 1935 வரை சுமார் ஏழாயிரம் பேர் வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்த வீடுகளில் வெப்பம் என்பது சமையலறை அடுப்புத்தான். இரும்பில் வார்த்த நிலக்கரி அடுப்பு. வாடகை வீட்டுக்காரருக்கு, கரி குடித்தனக்காரர் பாடு. காசு உள்ளவர்கள் மூட்டையாக வாங்கினார்கள்; இல்லாதவர்கள் வாளியாக வாங்கினார்கள்; வாளிக் கணக்கில் வாங்கினால் விலை அதிகம் என்பது உலகமெங்கும் உள்ள தர்மம். ஜனவரி மாதத்தில் குடும்பம் முழுவதும் அந்த அடுப்பைச் சுற்றியே வாழ்ந்தது. சரி, குளிருக்கு அது தேவலை. ஜூலை மாதத்தில் என்ன செய்வது? சமைக்க வேண்டுமே. அதோடு போயிற்றா? பாதிப் பேருக்கு வீட்டிலேயே தையல் வேலை. தைத்த துணிக்குப் பெட்டி போட வேண்டும். இஸ்திரிப் பெட்டி காய வேண்டும். காலையிலிருந்து இரவு வரை அடுப்பு அணையவே கூடாது. வெளியே 90 டிகிரி என்றால் உள்ளே என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

அந்த நடு அறைகள் எவ்வளவு இருட்டாக இருந்தன என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகைக்காரர் 1890-இல் இந்த ஏழைக் குடித்தனங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவரும் டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்தவர்தான். அந்த அறைகளைப் படம் எடுக்க அவர் ஆசைப்பட்டார். பகலிலேயே காமிராவில் ஒன்றும் விழவில்லை. அந்தச் சமயத்தில்தான் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒரு நொடி வெளிச்சம் உண்டாக்கும் வித்தை வந்தது. ரீஸ் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அறைக்குள் வெளிச்சம் வெடித்தது, படமும் விழுந்தது, ஒரு தடவை வீட்டுச் சுவரிலே தீயும் பிடித்தது. அந்தச் சுவர்களில் சில, கட்டிய நாளிலிருந்து அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததே இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். காற்றுக் கிணறு.

1879-இல் ஒரு சட்டம் வந்தது. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று வரும்படி ஜன்னல் இருக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது காற்று. கட்டுகிறவர்கள் மனத்தில் இருந்தது 25 அடி. இந்த இரண்டையும் சமாதானப்படுத்த ஒரு பத்திரிகை போட்டி வைத்திருந்தது. குழாய் வேலைக்காரர்களுக்கும் சுகாதாரப் பொறியாளர்களுக்கும் உரிய பத்திரிகை அது. ஆரோக்கியமாகவும் இருக்க வேண்டும், முதலாளிக்கு லாபமும் வர வேண்டும், 25-க்கு 100 மனைக்குள் அடங்கவும் வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு வரைபடம் தருக என்று கேட்டது. இருநூறுக்கு மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. ஜேம்ஸ் வேர் என்பவருடைய படத்துக்கு முதல் பரிசு.

அவர் செய்தது இதுதான். கட்டடத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முழு அகலத்துக்கு விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் இருபுறமும் கொஞ்சம் ஒடுக்கினார். மேலிருந்து பார்த்தால் தேகப்பயிற்சி செய்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் டம்பெல் மாதிரி இருக்கும். அந்த வகைக் கட்டடத்துக்கே டம்பெல் என்று பெயர் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டடமும் இதேபோல் ஒடுங்கினால் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். சந்து என்று சொல்வதுகூட மிகை. நான்கு பக்கமும் சுவர். மேலே மட்டும் திறப்பு. ஐந்தாறு மாடி உயரம். ஒவ்வொரு கட்டடமும் தன் பங்குக்கு விட்டுக்கொடுத்த அகலம் சாதாரணமாக 28 அங்குலம். நடு அறைகளின் ஜன்னல்கள் இந்தக் கிணற்றைப் பார்த்துத் திறந்தன. சட்டம் திருப்தியடைந்தது. ஜன்னல் கேட்டீர்கள், இதோ ஜன்னல்!

ஜன்னல் வந்தது, காற்று வரவில்லை. இதற்குக் காரணம் தெரிந்துகொள்ளப் பெரிய பௌதிக ஞானம் தேவையில்லை. அரிக்கேன் விளக்குக் கண்ணாடியை அடியில் அடைத்துப் பாருங்கள். திரி புகைந்து அணைந்துபோகும். சூடான காற்று மேலே ஏற வேண்டுமானால், அடியில் குளிர்ந்த காற்று உள்ளே நுழைய ஒரு வழி வேண்டும். இந்தக் கிணறுகளுக்கு அடியில் வழி கிடையாது. உள்ளே போன காற்று அங்கேயே நின்றது. மேல்மாடிக்காரர்களுக்காவது கொஞ்சம் வானம் தெரிந்தது. கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரிந்தது.

ஐந்து மாடி இறங்கிக் குப்பை கொட்டுவதற்கு யாருக்குக் காலில் பலம் இருக்கிறது? கிணறு பக்கத்திலேயே இருந்தது. மீன் செதில், முட்டைக்கோசு இலை, கந்தல், அழுக்குத் தண்ணீர் எல்லாம் கிணற்றில் விழுந்தன. அந்த வீடுகளைப் பற்றி எழுதியவர்கள் பலர் இதைச் சொல்லிக் குடித்தனக்காரர்களின் ஒழுக்கத்தைக் குறை கூறியிருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. குழாய் மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டு, அதைக் குழாயாகப் பயன்படுத்துகிறார்களே என்று அழுவதில் என்ன அர்த்தம்? கோடையில் அந்த நாற்றம் தாங்காமல் ஜனங்கள் கிணற்றுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கந்தல் துணி வைத்து அடைத்தார்கள். காற்றுக்காகச் சட்டம் போட்டு வைத்த ஜன்னல், காற்றுக்குப் பயந்து அடைபட்டது!

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. காற்றை மேலே ஏற்றாத கிணறு நெருப்பை மட்டும் மேலே ஏற்றியது. கீழே தீப்பிடித்தால் ஜுவாலை அதற்குள் புகுந்து, இரண்டு கட்டடங்களின் எல்லா மாடி ஜன்னல்களையும் எட்டிப் பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் அந்தக் கிணறுகளைக் கண்டு நடுங்கினார்கள்.

சப்தத்தையும் அது நன்றாகத்தான் சுமந்தது. ஒரு குடித்தனத்தின் இருமல் பத்துக் குடித்தனத்துக்குக் கேட்கும். டியூக் எல்லிங்டன் என்ற நீக்ரோ சங்கீத மேதை 1940-இல் ஹார்லெம் பகுதியின் இந்தக் காற்றுக் கிணற்றையே பெயராக வைத்து ஒரு வாத்திய இசை அமைத்தார். சண்டை, சமையல் வாசனை, காதல், ரேடியோ, மேல்வீட்டு நாய், எல்லாம் அந்தக் கிணற்றுக்குள் இருக்கிறது என்று அவரே விளக்கம் சொன்னார். அந்தச் சங்கீதம் அமோகமாக இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரக் குடித்தனக்காரர்களைவிட ஹார்லெம்காரர்கள் அதே மாதிரி அறைகளுக்கு அதிக வாடகை கொடுத்து வந்தார்கள் என்பதையும் கேட்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

1896-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் இந்தக் கிணறுகள் எதற்குப் பயன்படும் என்பது நிரூபணமாகிவிட்டது. பத்து நாள் தொடர்ந்து வெப்பம் வீசியது. இரவிலும் தணியவில்லை. செங்கல் சுவர்கள் பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் உள்ளே கக்கின. ஜனங்கள் மொட்டை மாடிக்கும், தீயணைப்பு ஏணிப் படிகளுக்கும், ஜன்னல் விளிம்புகளுக்கும் ஓடினார்கள். தூக்கத்தில் புரண்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. பூங்காவில் இரவில் படுக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது; புல்தரையில் படுத்தால் ஒழுங்கு கெட்டுவிடுமாம். அந்த விதியைத் தளர்த்துவதற்கே நாள்கள் ஆயின. அப்போது போலீஸ் கமிஷனர்களின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், நகரத்துச் செலவில் ஏழைகளுக்கு ஐஸ்கட்டி இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார். அந்தப் பத்து நாளில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் இப்படிப்பட்ட குடித்தனங்களில் இருந்த கூலிக்காரர்கள்.

அதற்கு ஆறு வருஷம் கழித்து, 1902-இல், அதே நகரத்தின் புரூக்ளின் பகுதியில் வில்லிஸ் காரியர் என்ற இருபத்தைந்து வயதுப் பொறியாளர் ஓர் அச்சுக்கூடத்தின் காற்றைக் குளிரவைத்து ஈரத்தையும் கட்டுப்படுத்தும் யந்திரத்தை வரைந்தார். இன்று உலகமெல்லாம் ஓடுகிற ஏ.சி. யந்திரத்துக்கு அதுதான் மூத்த அண்ணன். அச்சுக்கூடத் தொழிலாளிகளுக்கு வியர்க்கிறதே என்று யாரும் அந்த யந்திரத்தைக் கேட்கவில்லை. புழுக்கத்தில் காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு வர்ணத்தின் மேல் இன்னொரு வர்ணம் சரியாக உட்காரவில்லை. காகிதம் கஷ்டப்பட்டது, யந்திரம் வந்தது. நான் காகிதத்தை நம்பிப் பிழைக்கிறவன். அதனிடம் எனக்குப் பகையில்லை. இருந்தாலும் ஆற்றுக்கு அக்கரையில் மொட்டை மாடியில் படுத்திருந்த ஜனங்களை நினைத்தால் கொஞ்சம் மனத்தாங்கல் வரத்தான் செய்கிறது.

மறுபடி சட்டத்துக்கு வருவோம். 1900-இல் லாரன்ஸ் வெய்லர் என்ற இளைஞர் ஒரு கண்காட்சி நடத்தினார். அவருக்கு அடுக்குமொழிப் பிரசங்கத்தில் நம்பிக்கை இல்லை. அட்டையில் நம்பிக்கை இருந்தது. கிழக்குப் பகுதியில் நான்கு தெருக்களுக்கு நடுவில் இருந்த ஒரு சதுக்கத்தை அப்படியே அட்டையில் சிறிய மாதிரியாகச் செய்து வைத்தார். பக்கத்தில் கணக்கு எழுதினார்: 39 கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 பேர், 264 கழிப்பிடங்கள், வெந்நீர் வருகிற குடித்தனம் 40. எந்தெந்தக் கட்டடத்தில் க்ஷயரோகம் என்று வரைபடங்களில் கறுப்புப் புள்ளி வைத்துக் காட்டினார். புள்ளி இல்லாத கட்டடத்தைத் தேட வேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்களில் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். அப்போது அவர் மாகாண கவர்னர். விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1901 ஏப்ரலில் புதிய சட்டம் பிறந்தது. காற்றுக் கிணறு இனிக் கட்டக் கூடாது. அதற்குப் பதில் நிஜமான முற்றம் விட வேண்டும். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று அது சொன்னது.

புதுக் கட்டடத்துக்கு விதி சொல்வது சுலபம். ஏற்கனவே நிற்பவற்றை என்ன செய்வது? ஜன்னலே இல்லாத இருட்டறைகள் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்தன. பழைய கட்டடங்களிலும் சில திருத்தங்கள் செய்தாக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியபோது சொந்தக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். கொல்லைக் கழிப்பிடத்தை இடித்துப் புதிது கட்டச் சொன்னதை எதிர்த்து மோஷன் என்ற ஒரு வீட்டுக்கார அம்மாள் படிப்படியாக வழக்கை நடத்தி, அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார். 1906-இல் தோற்றார். வீட்டைக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு சர்க்கார் தலையிடக் கூடாது என்ற வாதம் அத்துடன் படுத்துவிட்டது. இருட்டறைகளுக்கு என்ன செய்தார்கள் தெரியுமோ? இருட்டறைக்கும் வெளிச்ச அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு ஜன்னல் வெட்டினார்கள். வீட்டுக்குள்ளேயே, சமையலறையிலிருந்து கூடத்தைப் பார்க்கும் ஜன்னல்! க்ஷயரோக ஜன்னல் என்று அதற்குப் பெயர்.

புதிய சட்டத்துக்குப் பிறகு எழும்பிய கட்டடங்களில் நீராவிச் சூடு வந்தது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனென்றால் அதில் பம்பு இல்லை, விசிறி இல்லை. நிலவறையில் ஒரு பாய்லர். தண்ணீர் கொதித்து ஆவியாகித் தானாகவே குழாய் வழியே மேலே ஏறுகிறது. அறையில் நிற்கும் இரும்பு ரேடியேட்டருக்குள் புகுந்து, தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடி தண்ணீராகி, ஏறி வந்த அதே குழாயில் இறங்கிப் போகிறது. ஏறுகிறவனும் இறங்குகிறவனும் ஒரே ஏணியில்! ரேடியேட்டரின் சாய்வு கொஞ்சம் பிசகினால் தண்ணீர் வழியில் தேங்கும். ஆவி வந்து அதை அறையும். நடு ராத்திரியில் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் குழாய் அலறும். நியூயார்க்கில் பிறந்தவர்கள் இந்தச் சப்தத்தில் நன்றாகத் தூங்குவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

ஆனால் இதில் பெரிய மாறுதல் ஒன்று நடந்துவிட்டது. அடுப்பு இருந்தவரை கரி குடித்தனக்காரருடையது. எரிப்பதும் எரிக்காததும் அவர் இஷ்டம். பாய்லர் வந்தவுடன் நெருப்பு வீட்டுக்காரர் வசம் போயிற்று. குளிர் மட்டும் குடித்தனக்காரரிடம் தங்கிவிட்டது. முதல் உலக யுத்தத்தின்போது, 1917-18 குளிர்காலத்தில், நிலக்கரிக்குக் கடும் பஞ்சம். நிலவறைகளில் பாய்லர்கள் அணைந்தன. வாடகை மட்டும் அணையவில்லை. சூடு இல்லாத வீட்டுக்கு எதற்கு வாடகை என்று ஜனங்கள் கேட்டார்கள். யுத்தம் முடிந்து வாடகை மேலும் ஏறியபோது, கட்டடம் கட்டடமாகச் சேர்ந்து வாடகை கொடுக்க மறுத்தார்கள். 1920-இல் மாகாண சட்டசபை அவசர வாடகைச் சட்டங்களைப் போட வேண்டியதாயிற்று. சூடு கொடுப்பது வீட்டுக்காரரின் தயவு அல்ல, கடமை என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றியது. இன்றைய நகர விதி திட்டமாகச் சொல்கிறது: அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 டிகிரியாவது இருக்க வேண்டும், இரவில், வெளியே எப்படி இருந்தாலும், 62. சூடு வராதபோது அறையிலிருந்து குழாயைக் கரண்டியால் தட்டுவது அந்த ஊர்க் குடித்தனக்காரர்களின் பழைய வழக்கம். தட்டினால் அந்தச் சப்தம் குழாய் வழியே நிலவறைக் காவல்காரருக்குப் போய்ச் சேரும். மனுக் கொடுப்பதற்கு இது ஒரு முறை.

சூடு வராதது ஒரு தொல்லை என்றால், சூடு அதிகமாக வருவது இன்னொரு தொல்லை. 1918-இல் விஷக் காய்ச்சல் உலகத்தைச் சூறையாடியது. மூடிய அறைதான் எமன், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பொறியாளர்களும் கேட்டுக்கொண்டார்கள். மிகக் குளிர்ந்த நாளில் ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பெரிய பாய்லர், பெரிய ரேடியேட்டர் வைத்தார்கள். காய்ச்சல் போயிற்று, ரேடியேட்டர் நிற்கிறது. ஒற்றைக் குழாய் நீராவியில் திருகைப் பாதி திறந்து வைக்க முடியாது. ஒன்று முழுவதும் திற, இல்லாவிட்டால் முழுவதும் மூடு. ஆகையால் பழைய நியூயார்க் வீடுகளில் பனி கொட்டும் ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவிட்டு, அரைக்கை சட்டையோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். கரிக்காசு வெளியே பறந்துகொண்டிருக்கும்.

ஆவி இல்லாமல் வெறும் சூட்டுக் காற்றையே குழாய் வழியே விடும் ஏற்பாடும் இருந்தது. பழுப்புக் கல் முகப்புள்ள பணக்கார வீடுகளின் நிலவறையில் ஒரு பெரிய உலை. அதன் தலையிலிருந்து ஆக்டோபஸ் கைகள் மாதிரி நாலா பக்கமும் பருத்த தகரக் குழாய்கள். சூடான காற்று அவற்றில் ஏறி அறைத் தரையிலும் சுவரிலும் உள்ள சல்லடைக் கண் வழியே வெளிவரும். ஒரே குடும்பம் வாழ்ந்தவரை இதில் ரகசியம் எதுவும் கெடவில்லை. பணக்காரர்கள் வேறு பேட்டைக்குப் போனார்கள். வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. அப்போது தகரக் குழாய், மாமியார் மருமகள் பேச்சையும் வெங்காய வாசனையையும் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு வஞ்சனையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் குழாய்களுக்குச் சூடு வீணாகாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருந்தார்கள். அது நுரையீரலைத் தின்னும் என்று பிற்பாடு தெரிந்தது. பழைய வீடுகளை இன்று பழுது பார்க்கிறவர்கள் அதைத் தொடுவதற்கே தனி ஆள் வைத்து, முகமூடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று வாசகர்கள் நினைக்கலாம். 2022 ஜனவரி 9-ஆம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிராங்ஸ் பகுதியில் 19 மாடி வாடகைக் கட்டடம். கட்டி ஐம்பது வருஷம் ஆனது. குடியிருந்தவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். கட்டடத்தில் சூடு வந்துகொண்டுதான் இருந்தது, அது போதாமல் கூடுதலாக ஒரு மின்சாரக் கணப்பு வைத்திருந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்தக் கணப்பிலிருந்து ஒரு படுக்கையறையில் தீப்பிடித்தது. நெருப்பு அந்தக் குடித்தனத்தையும் அதன் வாசல் நடையையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கதவு சாத்திக்கொள்ளவில்லை. புகை மாடிப்படி வழியே மேலே ஏறிற்று. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். எல்லோரும் புகையால் இறந்தவர்கள். 1901-இல் தடுத்த காற்றுக் கிணறு, மாடிப்படி வேஷத்தில் திரும்பி வந்ததுபோல எனக்குத் தோன்றியது.

ஆர்ச்சர்ட் தெரு 97-இல் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! 1930-களில் சட்டம் மேலும் இறுகியது. மரப்படிக்குப் பதில் தீப்பிடிக்காத படி வேண்டும் என்பது போன்ற விதிகள் வந்தன. சொந்தக்காரர் கணக்குப் பார்த்தார். செலவு செய்வதைவிடக் குடித்தனங்களைக் காலி செய்வது மலிவு. 1935-இல் எல்லோரையும் வெளியேற்றி, மேல்மாடிகளைப் பூட்டிவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. ஐம்பது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த அந்த அறைகளை 1988-இல் கண்டெடுத்து மியூசியமாக்கியிருக்கிறார்கள். நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்த மரப்படியில் ஏறினேன். வழிகாட்டிய பெண் ராணிகளின் நகையைக் காட்டுவதுபோல அந்த உள் ஜன்னலைக் காட்டினாள். என்னோடு வந்த ஒரு கிழவர் அதன் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, தம் பாட்டி இப்படி ஒரு ஜன்னலுக்குக் கீழேதான் படுப்பாள் என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

மியூசியத்துக்குப் போகாத டம்பெல் கட்டடங்கள் அந்தப் பகுதியில் இன்னும் நிறைய நிற்கின்றன. முகப்பில் சாயம் பூசி, உள்ளே குளியலறை வைத்து, ஆயிரக்கணக்கான டாலர் வாடகைக்கு விடுகிறார்கள். வெப்பத்தால் நேரடியாக இறப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏ.சி. இல்லாதவர்கள் என்று நகரத்துச் சுகாதார இலாகாவே சொல்லிவருவதால், முடிந்தவர்கள் எல்லோரும் யந்திரம் வாங்கி ஜன்னலில் மாட்டிக்கொள்கிறார்கள். நடு அறைக்காரர்களுக்குக் கிணற்றுப் பக்கத்து ஜன்னல்தான் உண்டு, அதில் மாட்டுகிறார்கள். யந்திரத்தின் முகம் அறைக்குள்ளே, முதுகு கிணற்றுக்குள்ளே. ஜூலை இரவில் ஐந்து மாடிச் சூட்டையும் அந்த முதுகுகள் அந்தக் குறுகிய இடைவெளியில் ஊதுகின்றன. யந்திரம் வாங்க முடியாத குடித்தனக்காரர் யாராவது ஒருவர், காற்று வரட்டும் என்று, அதே கிணற்றைப் பார்த்த தம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.